நான்கு கேள்விகளோடு ஒரு பெருநகரப் பயணம்

சுற்றுலா சென்று திரும்பிய மாணவரிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். அரண்மனை, பூங்கா, உயரமான கட்டடம், நகரும் படிக்கட்டு என்று அது நீளும். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியமும் அதன் முடிவில் இருக்கும்: "அதெல்லாம் பெரிய ஊர், நம்ம ஊர்ல என்ன இருக்கு?" இந்த எண்ணத்தோடு களப்பயணம் முடிந்தால், செலவிட்ட பணமும் நேரமும் மாணவரைத் தம் ஊரிலிருந்து விலக்கவே பயன்பட்டிருக்கும்.

கம்பைநல்லூரில் சமூக அறிவியல் கற்பிக்கும் எனக்கு இது முக்கியமான கேள்வி. எங்களுக்கு அருகிலுள்ள பெருநகரம் பெங்களூரு. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களைப் போல இங்கிருந்தும் கட்டட வேலைக்காக அங்கே செல்லும் குடும்பங்கள் உண்டு. தாத்தா பாட்டியிடம் விடப்பட்டுப் படிக்கும் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். பெங்களூரு என்றால் அவர்களுக்கு அப்பா வேலை செய்யும் இடம். அதற்கு மேல் அந்த நகரத்தைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியாது.

எனவே எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு பிப்ரவரி மாதச் சனி, ஞாயிறில் பெங்களூருக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, கட்டடங்களையும் பூங்காக்களையும் எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் வகுப்பறையில் பழகிக்கொண்டோம்.

முன்தயாரிப்பு

உரிய அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், உடன்வரும் ஆசிரியைகள், முதலுதவிப் பெட்டி ஆகியவை எல்லாப் பயணங்களுக்கும் பொதுவானவை. நாங்கள் கூடுதலாகச் செய்தது, எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வகுத்துக்கொண்டதுதான்.

1. இது எதனால் ஆனது?
2. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது?
3. இதை யார் செய்தார்கள்?
4. இங்கிருந்து என்ன வெளியே போகிறது, எங்கே போகிறது?

ஒரு முழுத்தாளை நான்கு கட்டங்களாக மடித்தால் குறிப்பேடு தயார். பயணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர்த் தேசிநாதேஸ்வரர் கோயிலிலும் பள்ளிக் கட்டடத்திலும் இக்கேள்விகளைக் கேட்டுப் பழகினோம். கோயிலின் கல், பள்ளியின் செங்கல், கூரையின் கம்பி ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்திருக்கும் என்று பேசினோம். நான்காவது கட்டத்தில் எழுத யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வெறுமையாக விட்டார்கள். அதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

முதல் நாள்: பாறை, இரும்பு, தேக்கு

சனிக்கிழமை முற்பகல் லால்பாக் சென்றோம். 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய இத்தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கர் பரப்புடையது. மாணவர்கள் உடனே சென்ட் கணக்கில் மாற்றினார்கள்: 24,000 சென்ட். "இத வித்தா எவ்வளவு சார் வரும்?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வியைக் குறித்து வைக்கச் சொன்னேன். மறுநாள் அதற்கு விடை கிடைத்தது.

பூக்களுக்கு முன்பாகப் பாறைக்குச் சென்றோம். லால்பாக்கினுள் உள்ள பெரும்பாறை சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையானது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இது தீபகற்ப நைஸ் என்னும் பாறை வகை. கருமையும் வெண்மையுமான வரிகள் மாறி மாறி ஓடுவது இதன் அடையாளம். மாணவர்கள் அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். "எங்க வீட்டு அம்மிக்கல் மாதிரியே இருக்கு" என்றாள் ஒரு மாணவி. நைஸ் பாறை தருமபுரி மாவட்டத்திலும் பரவலாக உண்டு. மாநில எல்லைக் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, பாறையில் இல்லை என்பதை அந்த அம்மிக்கல் ஒப்பீடு எளிதில் விளக்கிவிட்டது.

பாறையின் உச்சியில் கெம்பே கவுடா மரபினர் எழுப்பியதாகச் சொல்லப்படும் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. 1537இல் நகரை நிறுவியவர் கெம்பே கவுடா. இத்தகைய நான்கு கோபுரங்கள் ஊரின் எல்லையைக் குறித்தன என்பது வழக்கு. அங்கு நின்று பார்த்தால் கோபுரத்தைத் தாண்டி எல்லாத் திசையிலும் நகரம் பரந்து கிடக்கிறது. நகரமயமாதல் பாடத்தைப் பிறகு நடத்தியபோது இந்தக் காட்சியை நினைவூட்டினாலே போதுமானதாக இருந்தது.

அடுத்தது கண்ணாடி மாளிகை. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட இக்கட்டடம் இரும்பாலும் கண்ணாடியாலும் ஆனது. இதற்கு முன்மாதிரி 1851இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகை. அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர். செடிகளுக்கான கண்ணாடிக் குடில்களைக் கட்டிப் பெற்ற அனுபவம்தான் அவரைப் பெருங்கட்டடம் வரை கொண்டுசென்றது. மூன்றாவது கட்டத்தில் "தோட்டக்காரர்" என்று எழுதும்போது பல முகங்களில் வியப்பைப் பார்த்தேன்.

மரங்களைப் பார்க்கும்போதும் "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி நன்றாக வேலை செய்தது. தூங்குமூஞ்சி மரமும் ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. மயிற்கொன்றை எனப்படும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. 1908 முதல் இத்தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி நகரச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர் என்று போற்றப்படுகிறார். நாங்கள் சென்ற மாதத்தில் இளஞ்சிவப்பு டபேபூயா பூத்திருந்தது.

பிற்பகலில் நகரச் சந்தை அருகிலுள்ள திப்புவின் கோடை அரண்மனையைப் பார்த்தோம். ஹைதர் அலி தொடங்க, 1791இல் திப்பு முடித்த இம்மாளிகையின் தூண்களும் மாடமும் தேக்கு மரத்தாலானவை.

இரண்டாம் நாள்: செங்கல், கருங்கல்

கப்பன் பூங்காவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அன்று பூங்காவினுள் வாகனங்களை அனுமதிப்பதில்லை. மாணவர்கள் அச்சமின்றி நடக்கலாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. 1870இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி உருவாக்கிய இப்பூங்கா, தொடக்கத்தில் சுமார் 100 ஏக்கராக இருந்து பின்னர் ஏறத்தாழ 300 ஏக்கராக விரிந்தது. அறிவியல் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியால் மர நிழலிலும் வெளியே தார்ச்சாலை ஓரத்திலும் வெப்பநிலையை அளந்தோம். வெப்பமானியில் தெரிந்த வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே குறித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் கேட்ட கேள்விக்கு இங்கே விடை சொன்னேன். லால்பாக், கப்பன் பூங்கா போன்ற அரசுப் பூங்காக்களைக் காக்கக் கர்நாடக மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. இவை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாத நிலங்கள். "அப்ப இது யாருது சார்?" என்றான் அதே மாணவன். "எல்லாருடையதும்" என்றேன். பொதுச்சொத்து என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

பூங்காவின் ஓரத்தில் செந்நிறத்தில் நீண்டு நிற்பது அட்டாரா கச்சேரி. அட்டாரா என்றால் பதினெட்டு. பதினெட்டு அரசுத் துறைகளுக்காக 1868இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடத்தில் இப்போது கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குகிறது. வடிவமைத்தவர் சாங்கி. கட்டுமானப் பணியை நடத்தியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். பெங்களூரில் 1873இல் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியவரும் இவரே. 1980களில் இக்கட்டடத்தை இடிக்கும் யோசனை எழுந்தபோது பொதுமக்கள் சிலர் நீதிமன்றம் சென்றனர். இடிக்கப்படவிருந்த கட்டடத்திலேயே அவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. கட்டடமும் பிழைத்தது.

எதிரே விதான சௌதா. 1951இல் நேரு அடிக்கல் நாட்ட, கெங்கல் ஹனுமந்தையா முதலமைச்சராக இருந்த காலத்தில் பெருவடிவம் பெற்று, 1956இல் முடிந்தது. தலைமைக் கட்டடக் கலைஞர் பி.ஆர். மாணிக்கம். பெங்களூருச் சுற்றுவட்டாரக் கருங்கல்லால் எழுந்த இதன் தூண்களிலும் மாடங்களிலும் திராவிடக் கோயில் கலையின் சாயல் தெரியும். கல் தச்சர்களும் கூலித் தொழிலாளர்களுமாக ஆயிரக்கணக்கானோர் இதில் உழைத்தார்கள். சிறைக்கைதிகள் பலரும் அவர்களுள் இருந்தனர். மூன்றாவது கட்டத்தில் மாணவர்கள் எழுதிய பெயர்களை எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு, மூன்று பெயர்கள்தான் இருந்தன. கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஒரு தந்தை எடுத்த பாடம்

அட்டாரா கச்சேரியின் முன்பு நின்றபோது, வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், இதுக்குள்ள கம்பி இருக்குதா?" நல்ல கேள்வி. அவன் அப்பா பெங்களூரில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். அன்று விடுமுறை என்பதால் மகனைப் பார்க்கப் பூங்காவுக்கு வந்திருந்தார். அவரிடமே அந்தக் கேள்வியைக் கொடுத்தேன். முதலில் தயங்கியவர், பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினார்.

"கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும் பசங்களா. இழுத்தா விட்டுரும். எந்தப் பக்கம் இழுபடுதோ அந்தப் பக்கம் கம்பி போடணும். ரூஃபுக்குப் பாரம் ஏறுனா நடுவுல தொங்கும். அப்ப அடிப்பக்கம் இழுபடும். அதனால அங்க கம்பி அடியில. சன்ஷேடுக்கு?"

யாரும் பேசவில்லை. அவர் மகன்தான் சொன்னான்: "மேல."

"ஏன்?"

"அது ஒரு பக்கந்தான் சுவத்துல பிடிச்சிருக்கு. முனை தொங்கும். மேல்பக்கம் இழுபடும்."

கம்பி இல்லாத பழைய கட்டடம் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு இங்கிருந்து வழி திறந்தது. கல்லும் செங்கல்லும்கூட அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்கா. அதனால்தான் செங்கல் கட்டடங்களின் வாசல்களில் வளைவுகளைப் பார்க்கிறோம். வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அமுக்கிக்கொண்டிருக்கும், எதுவும் இழுபடாது. "அப்ப நம்ம கோயில்ல தூண் ஏன் சார் அவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கு?" என்றாள் அம்மிக்கல் மாணவி. விடையும் அதே கூட்டத்திலிருந்து வந்தது. தூண்களுக்கு மேல் கிடக்கும் கல் உத்திரம் நீளமானால் அடிப்பக்கம் இழுபட்டு வெடித்துவிடும். ஆகவே தூண்கள் நெருக்கமாக நிற்க வேண்டும். கம்பைநல்லூர்க் கோயில் மண்டபத்துக்கான விளக்கம் கப்பன் பூங்காவில் கிடைத்தது.

அவர் கிளம்பும்போது ஒரு செய்தி சொன்னார். ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். இந்தச் சாலை வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறார். பூங்காவுக்குள் வந்தது அன்றுதான் முதல்முறை. "உள்ள விடுவாங்களான்னு தெரியல சார்" என்றார். சற்று முன்பு "எல்லாருடையதும்" என்று நான் சொன்னதைக் கேட்டிருந்த மாணவர்கள் இதையும் கேட்டார்கள். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. மகன் தன் தாளின் மூன்றாவது கட்டத்தில், விதான சௌதாவுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "இப்போது கட்டும் கட்டடங்கள்" என்று தலைப்பிட்டு, தன் அப்பாவின் பெயரை எழுதினான்.

நீர் எங்கே போகிறது?

திரும்பும் வழியில் வண்டியிலேயே வரைபடத்தை விரித்தோம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஓட்டு வீட்டின் முகடு போன்ற மேட்டில் அமைந்த நகரம். முகட்டின் மேற்கே சரியும் நீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. அந்தக் காவிரிதான் ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்துக்குள் விழுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களைப் புளூரைடு பாதிப்பிலிருந்து காக்க 2013இல் செயல்பாட்டுக்கு வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு நீர் எடுப்பதும் அங்கிருந்துதான்.

முகட்டின் கிழக்கே சரியும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையை அடைகிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை என்று கடந்து எங்கள் பக்கத்து இருமத்தூருக்கு வருகிறது. எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய கம்பைநல்லூர் ஆறு சேர்வதும் தென்பெண்ணையில்தான். பெங்களூரின் எந்தப் பக்கம் மழை பெய்தாலும் அதன் ஒரு பகுதி தருமபுரி மாவட்டத்தைத் தொட்டுத்தான் போகிறது.

மழைநீர் மட்டும் அல்ல. நகரின் கழிவுநீரும் அதே வழியில் வருகிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றிய செய்தியையும், கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படங்களையும் சொன்னேன். படங்களைச் செய்தித்தாளில் பார்த்த சிலர் இருந்தார்கள். வெறுமையாக இருந்த நான்காவது கட்டத்தில் இப்போது எழுத இடம் போதவில்லை. "பெங்களூருக்காரங்க நம்ம ஆத்தைக் கெடுக்கறாங்க" என்று ஒரு குரல் எழுந்தது. அதற்கு நான் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது: "நம்ம ஊர்ச் சாக்கடை எங்க போகுது?"

வண்டி காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்தபோது ஏறக்குறைய எல்லோரும் விழித்திருந்து ஆற்றைப் பார்த்தார்கள்.

வகுப்பறையில் தொடர்ந்தவை

பயணத்துக்குப் பின் மூன்று வேலைகள் செய்தோம். எந்தப் பள்ளியிலும் இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஸ்பாஞ்சுச் சோதனை. பாத்திரம் தேய்க்கும் நீளமான ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் பேனாவால் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம் போல வைத்து நடுவில் அழுத்தினால், கோடுகள் மேலே நெருங்கும், கீழே விலகும். கோடு விலகும் பக்கம்தான் இழுபடும் பக்கம். ஒரு முனையை மட்டும் மேசை விளிம்பில் பிடித்து மறுமுனையை அழுத்தினால் எல்லாம் தலைகீழாகும். கூரைக்கும் சன்ஷேடுக்கும் கம்பி வைக்கும் இடம் ஏன் மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, பூக்கும் நாட்காட்டி. எங்கள் தெருக்களிலும் பள்ளியிலும் உள்ள வேம்பு, புங்கன், பூவரசு, சரக்கொன்றை, மந்தாரை ஆகியவை எந்தெந்த மாதம் பூக்கின்றன என்று மாணவர்கள் பதிவு செய்துவருகிறார்கள். ஓராண்டு முடிந்ததும், பூ இல்லாத மாதத்துக்கு எந்த நாட்டு மரத்தை நடலாம் என்று முடிவு செய்வார்கள்.

மூன்றாவது, நீர்வழி வரைபடம். ஒவ்வொரு குழுவும் தன் தெருவின் கழிவுநீர் எங்கே போகிறது என்று நடந்து பார்த்து வரைந்தது. எல்லாத் தாள்களையும் சேர்த்து ஒட்டியபோது கோடுகள் பலவும் ஆற்றை நோக்கியே சென்றன. அதற்குக் கீழே நதியின் எஞ்சிய பாதையையும் வரையச் சொன்னேன்: சாத்தனூர் அணை, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள், கடலூர் அருகே வங்கக்கடல். நமக்கு மேலே ஒரு பெங்களூரு இருப்பது போல, சாத்தனூர்ப் பிள்ளைகளுக்கு மேலே நாம் இருக்கிறோம் என்பதை வரைபடத்தைப் பார்த்து மாணவர்களே சொன்னார்கள். அந்த வரைபடம் இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து

பெங்களூருதான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று உங்களுக்கு அருகிலுள்ள நகரம் எதுவானாலும் இந்த நான்கு கேள்விகள் போதும். புறப்படும் முன் மூன்று செய்திகளை மட்டும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகரக் கட்டடங்களின் கல்லும் மண்ணும் எங்கிருந்து வந்தன? உங்கள் ஊரிலிருந்து யார் அங்கே என்ன வேலை செய்கிறார்கள்? அந்த நகரமும் உங்கள் ஊரும் எந்த ஆற்றைப் பகிர்ந்துகொள்கின்றன?

இரண்டாவது செய்தியைப் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டுவிடலாம். நகரத்தில் வேலை செய்யும் பெற்றோர் ஒருவர் அரை மணி நேரம் வந்து பேசினால், வழிகாட்டி யாரும் தேவைப்பட மாட்டார்கள். அவரையும் பூங்காவுக்குள் அழைத்து வாருங்கள்.